ஒரே வீட்டின் இரு அறைகள்

வார இதழ்கள் இலக்கியத்தைக் கெடுத்தன என்பது சிற்றிதழாரின் பழைய பல்லவி. நாமகிரிப்பேட்டையிலிருந்து நாம் அதை மறுக்கிறோம்.

எம் மாவட்டத்துத் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து 1929இல் வெளிவந்த இராஜாஜியின் மதுவிலக்கு இதழான 'விமோசன'த்தில், கல்கி எளிய கிராமத்தாருக்காக எழுதினார். அந்த எளிமையே 1950 முதல் 1954 வரை, அவர் நிறுவிய 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வ'னாக விரிந்து, புத்தகக்கடையே இல்லாத சிற்றூர்களையும் வாசிக்க வைத்தது.

ஜப்பானில் கிக்குச்சி கான் 1923இல் தொடங்கிய 'புங்கெய் ஷுன்ஜூ' 1935இல் தீவிர இலக்கியத்துக்கு அகுதாகவா பரிசையும், வெகுசன எழுத்துக்கு நவோகி பரிசையும் ஒருசேர நிறுவியது. ஒரே வீட்டின் இரு அறைகள்! இங்கோ நாம் சுவரெழுப்பிச் சண்டையிட்டோம்.

2020இல் 'கல்கி'யின் அச்சிதழ் நின்றது. பழித்தோரே, உங்கள் நூல்களுக்கான அடுத்த வாசகரை இனி யார் வளர்ப்பார்?