இக்னிட்டர் போயிட்டாம், கேட்டியளா!

நாகர்கோவில்காரனுக்கு எதுக்குடா கெய்சர்னு சென்னைப் பதிவர்கள் சிரிப்பீங்க. ஆடிச் சாரல்ல வந்து காலையில 5 மணிக்கு ஒரு வாளி பச்சைத்தண்ணி தலையில ஊத்திப் பாருங்க, அப்புறம் பேசுவோம்.

மேட்டர் இதுதான். எங்க வீட்டு கேஸ் கெய்சர்ல குழாயைத் திறந்தா டிக் டிக்னு பொறி அடிக்கும், தீ பிடிக்கும், நாலைஞ்சு நொடியில அணைஞ்சிரும். மெக்கானிக் வந்தார். மூடியைக் கழட்டி ரெண்டு நிமிஷம் ஆகலை. "அண்ணாச்சி, இக்னிட்டர் போயிட்டு. செட்டோட மாத்திரலாம்." மீட்டர் எடுக்கலை, பேட்டரியைக்கூடத் தொட்டுப் பார்க்கலை. 1,350 ரூபாய். புது செட்டு போட்டார். தீ பிடிச்சுது, அஞ்சு நொடியில அணைஞ்சுது. "கம்பெனி பீஸ் வரணும்"னுட்டுப் போனவர் போனவர்தான்.

நான் கேக்கிறேன், இக்னிட்டர் போயிருந்தா தீ எப்படிய்யா பிடிக்கும்?

அதோட வேலை பத்தவைக்கிறது. அதை அது ஒழுங்கா செஞ்சுது. தீ பிடிச்சுதான்னு பார்க்கிறது பக்கத்துல நிக்கிற இன்னொரு கம்பி. தீச்சுவாலை வழியா துளியூண்டு மின்சாரம் பாயும். அது வந்தாதான் 'தீ இருக்கு'ன்னு கன்ட்ரோல் பெட்டி நம்பும். இல்லைன்னா கேஸ் வால்வை மூடிரும். கம்பியில கரி படிஞ்சா மின்சாரம் பாயாது. அவ்வளவுதான் விஷயம். பொறியே வரலைன்னா ரெண்டு டார்ச் பேட்டரி, அதுல பிடிச்ச களிம்பு, இல்ல தண்ணி அழுத்தம். பொறி வந்தும் தீ பிடிக்கலைன்னா கேஸ் வரலை. பிடிச்சு அணைஞ்சா முதல்ல இந்தக் கம்பியைத்தான் பார்க்கணும்.

டொராண்டோ அத்தான்கிட்ட போன்ல புலம்பினேன். "மாப்ளே, இங்கயும் இதே கூத்துதான்"னார். அவர் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ்ல பொறி கிடையாது, சிலிக்கான் கார்பைடு துண்டு ஒண்ணு தகதகன்னு சிவந்து பத்தவைக்கும். மீட்டர் வச்சு ஓம் பார்த்தா அது உயிரோட இருக்கா, விரிசல் விட்டுச்சான்னு ஒரு நிமிஷத்துல தெரியும். அவருக்கும் பார்க்காமலே மாத்திட்டாங்களாம். கடைசியில தீ பார்க்கிற கம்பியைத் தேய்ச்சதும் சரியாச்சாம்.

நான் ரெகுலேட்டரை மூடிட்டு, பேட்டரியை எடுத்துட்டு, உப்புத்தாள் வச்சு மெல்லத் தேய்ச்சேன். வெந்நீர் வந்திட்டு. செலவு 10 ரூபாய். கழட்டின பழைய செட்டுல பேட்டரியைப் போட்டுப் பார்த்தேன். சவம், ஜம்முனு பொறி அடிக்குது!

இதோட விட்டிருப்பேன். ஆனா உள்ள பார்த்த ஒண்ணுதான் வயித்தைக் கலக்கிட்டு. பொட்டி அளவுக்கு மேல சூடானா தானா அணைக்கிற கட்-அவுட்டோட ரெண்டு ஒயரையும் முறுக்கிச் சேர்த்து டேப் ஒட்டியிருந்தார் மனுசன். அதுதான் கோளாறோன்னு பார்த்திருக்கார். இல்லைன்னு தெரிஞ்சதும் பிரிச்சு விட்டிருக்கணும்லா? அந்தப் பொட்டியில எங்கம்மைதான் தினமும் வெந்நீர் பிடிக்கிறா.

'பாவம்யா, வயித்துப் பொழைப்பு'ன்னு பின்னூட்டம் வரும். தெரியும். அவரை மட்டும் திட்டலை. சோதிச்சுப் பார்த்து "கரி படிஞ்சிருக்கு, துடைச்சிட்டேன், 300 ரூவா குடுங்க"ன்னு சொல்லியிருந்தா நானே "துடைச்சதுக்கு 300-ஆ?"ன்னு தகராறு பண்ணியிருப்பேன். பார்ட்ஸுக்கு 1,350 வாய் மூடிக் கொடுத்தேன். புத்திக்குக் காசு கொடுக்க நமக்கு மனசு வராது. அதான் அவரும் புத்தியை வீட்லயே வச்சிட்டு வாறார்.

அந்த ஒயரைப் பிரிச்சு கட்-அவுட்டோட மாட்டியாச்சு. பொட்டி முன்னாடியே குளியலறைக்கு வெளியேதான் தொங்குது. உள்ள வச்சிருக்கிறவங்க இன்னைக்கே மாத்துங்க மக்கா, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. கேஸ் வாடை அடிச்சா உப்புத்தாளைத் தேடாம சிலிண்டரை மூடி, சன்னலைத் திறந்து, வெளிய வந்து 1906-க்குப் போன் போடுங்க.

பழைய செட்டு மேசை மேலயே இருக்கு. அவர் அடுத்த தடவை நம்ம தெருவுக்கு வரட்டும், பொறி அடிச்சுக் காட்டுறேன்.