நாய்க் கொட்டில்களின் தரையும் படுக்கையும்

இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மலையடிவாரத்தில் அமைந்துள்ள மம்சாபுரம் வட்டாரத்தில் நாய்க் காவல் இல்லாத மாந்தோப்பைக் காண்பது அரிது. வெண்ணிறமும், இளஞ்சிவப்பு மூக்கும், நீண்ட கால்களும் உடைய இராஜபாளையம் நாய், காவலுக்கும் காட்டுப்பன்றியை விரட்டுவதற்கும் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. 2005-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் இந்தியத் தபால் இலாகா நாட்டு நாய் ஜாதிகள் நான்கிற்குத் தபால் தலை வெளியிட்டபோது, அவற்றுள் இதுவும் ஒன்றாக இடம் பெற்றது. வெளியூர்களிலிருந்து இதன் குட்டிகளை நாடி வருவோர் இருப்பதால், நிலபுலமுடைய குடியானவர்கள் சிலர் கொட்டில் கட்டி இதனை ஓர் உபதொழிலாகக் கொள்கின்றனர். ஆடிப்பூரத் தேருக்கும், பொங்கலுக்கும், கோடை விடுமுறைக்கும் வீட்டைப் பூட்டிச் செல்வோரின் நாய்களைச் சில தினங்கள் கூலிக்கு வைத்துக் காக்கவும் இத்தகைய கொட்டில்கள் ஏற்றவை.

இக்கொட்டில்களைக் கட்டுவோர் இரும்புக் கதவுக்கும், தகரக் கூரைக்கும், வாசலில் தொங்கும் வர்ணப் பலகைக்கும் தாராளமாகச் செலவிட்டுவிட்டு, தரைக்கு வரும்போது கையைச் சுருக்கிக் கொள்வது வழக்கமாக இருக்கிறது. இது முறை தவறிய சிக்கனமாகும். கதவு துருப்பிடித்தால் மாற்றலாம். கூரை ஒழுகினால் அடைக்கலாம். தரை கெட்டுவிட்டாலோ நாய்களை வெளியேற்றிக் கொட்டிலை இடித்துப் போட்டுத்தான் சீர் செய்ய இயலும்.

வீட்டில் ஒரு நாய் வளர்ப்பதும், பல வீட்டு நாய்களை ஒரே இடத்தில் தங்க வைப்பதும் ஒன்றல்ல. பத்து வீட்டு நாய்கள் வந்து செல்லும் தரை பத்து வீட்டு நோய்களும் கூடும் சந்தையாகும். குட்டிகளுக்கு இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் பார்வோ என்னும் விஷக் கிருமி, நாயின் மலத்தோடு வெளிப்பட்டு, மண்ணிலும் தரை வெடிப்புகளிலும் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்க வல்லது. இந்நோய் கண்ட ஈற்றில் எல்லாக் குட்டிகளும் சில தினங்களில் மடிந்து போவதும் உண்டு. நோய் கண்ட நாயை அப்புறப்படுத்திச் சில வாரங்கள் கழிந்த பின்பு, 'இனி அபாயமில்லை' என்று புதிய குட்டிகளை அதே மண்தரையில் விடுவோர், குட்டிகளை மட்டுமன்றி முதலையும் இழக்கின்றனர்.

மண்தரையே சிறந்தது என்று வாதிப்போர் இவ்வட்டாரத்தில் பலர் உண்டு. இந்த ஜாதி மண்ணில் பிறந்து மண்ணில் வளர்ந்தது. சாணம் தெளித்து மெழுகிய மண் வெயிற்காலத்தில் குளிர்ச்சி தரும். சிமெண்டுத் தரை காலையும் மூட்டையும் கெடுக்கும் என்பது அவர்கள் கூற்று. இக்கூற்றில் பாதி உண்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். சதைப்பற்று மிகாத உடலும் மெல்லிய குட்டை மயிரும் உடைய இந்நாய், வெறும் சிமெண்டுத் தரையில் நாள் முழுதும் படுத்துக் கிடந்தால் முழங்கையில் தோல் காய்த்துப் போகும். சில சமயம் அவ்விடத்தில் நீர் கோத்து வீங்குவதும் உண்டு. ஆனால் மண்தரை மூத்திரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. கொக்கிப் புழுவின் முட்டைகள் ஈர மண்ணில் பொரித்து, அப்புழுக் குஞ்சுகள் நாயின் பாதத் தோலைத் துளைத்தும் உட்செல்லும். குட்டிகளின் இரத்தத்தை உறிஞ்சி அவற்றை வெளுக்கச் செய்யும். மண்ணை எம்மருந்தாலும் முற்றும் சுத்தம் செய்ய முடியாது. தன் தோப்பில் ஒற்றை நாய் வைத்திருப்பவருக்கு மண்தரை போதுமானது. பிறர் நாயை ஏற்றுக் காப்பவருக்கு அது தகாது. பகலில் ஓடி விளையாட வெயில் நன்கு படும் மண் முற்றமும், இரவில் படுக்கச் சிமெண்டுத் தரையின்மேல் உயரமான கட்டிலும் அமைத்தலே இரண்டு கட்சியாருக்கும் பொருந்தும் வழியாகும். வெயிலும் உலர்ச்சியும் புழுக் குஞ்சுகளைக் கொல்லுமாதலால் முற்றத்தின் மேல் மரநிழல் அடர்த்தியாக விழாமல், ஓரத்தில் மட்டும் இருக்கும்படி பார்த்துக்கொள்க.

சிமெண்டுத் தரை போடுவதிலும் கவனம் வேண்டும். கெட்டித்த நிலத்தின்மேல் ஜல்லிக் கான்கிரீட் பரப்பி, சாந்து பூசி, வடிகாலை நோக்கி அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுத்தல் நலம். அதற்குக் குறைந்தால் நீர் தேங்கும். சிமெண்டுப் பால் ஊற்றிச் சாந்துக் கரண்டியால் கண்ணாடிபோல் மெருகேற்றுவது கொத்தனாரின் பெருமைக்கு உதவுமேயன்றி நாயின் காலுக்கு உதவாது. ஈரத்தில் இந்நெடுங்கால் நாய் சறுக்கி விழுந்து தொடையைப் பிசகிக் கொள்ளும். ஈரம் உலருமுன் ஈர்க்குமாற்றைச் சரிவின் போக்கில் ஒருமுறை இலேசாக இழுத்துவிட்டால் கால் பற்றும். கழுவும் நீரும் அவ்வரியோடு ஓடிவிடும். தரையும் சுவரும் கூடும் மூலையை வளைத்துப் பூசுதல் அவசியம். பூசிய பின் ஏழு நாட்களுக்குக் குறையாமல் நீர் தேக்கி வைக்காத தரை தூசு கிளம்பி, மூத்திரத்தை உறிஞ்சி, ஒரு வருஷத்திற்குள் நாறத் தொடங்கும். கடப்பைக் கல்லைப் பதிப்போரும் உண்டு. கல்லில் குற்றமில்லை; கல்லுக்குக் கல் விட்ட இணைப்புகளிலேதான் அழுக்குத் தங்குகிறது. பளபளப்பான ஓடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

சுவரின் வெடிப்புகளையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். நாயின் மேல் இரத்தம் குடித்துப் பெருத்த பெண் உண்ணி, கீழே இறங்கிச் சுவர் வெடிப்பிலோ கூரை இடுக்கிலோ புகுந்து ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். ஆகவே உண்ணிக்கு நாயின் மேல் மட்டும் மருந்து போட்டுக்கொண்டிருப்பவர், கிணற்றை விட்டுவிட்டு வாய்க்காலை மட்டும் தூர்வாருபவரை ஒப்பர். உண்ணியால் வரும் காய்ச்சல் நாயின் இரத்தத்தைக் கெடுத்துக் கொல்ல வல்லது. மூன்றடி உயரம் வரை சிமெண்டுப் பூச்சும், அதற்கு மேல் வருஷந்தோறும் வெடிப்படைத்துச் சுண்ணாம்பும் இருத்தல் வேண்டும்.

இனிப் படுக்கை. வைக்கோல், கோணிச்சாக்கு, நிலக்கடலைத் தோல், தென்னை நார்க் கழிவு ஆகியவை இவ்வட்டாரத்தில் எளிதில் கிடைப்பவை. வைக்கோல் உலர்ந்திருக்கும்வரை கேடில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சணம் பிடிக்கும், எலியும் குடி புகும். எலியின் மூத்திரத்தால் பரவும் எலிக்காய்ச்சல் நாயையும் தாக்கும், வெறுங்காலோடு கொட்டில் கழுவும் ஆளையும் தாக்கும். கடலைத் தோலிலும் பூஞ்சண விஷம் உண்டாகக்கூடும். நார்க் கழிவு தூசு பறந்து மூக்கையும் கண்ணையும் உறுத்தும். கோணியோ உண்ணிக்கு மாளிகையாகும். வெளிநாட்டுப் படங்களில் காணும் ரப்பர் நுரை மெத்தையை வாங்கிப் போட்டவர் ஒருவாரத்தில் அதனைத் துண்டு துண்டாகப் பெருக்கித் தள்ள நேரிடும். அன்றியும் அது குளிர் நாட்டுக்கு உரியது. சித்திரை வெயிலில் நாயே அதைவிட்டு இறங்கி வெறுந்தரையில் படுக்கும்.

நம் நாட்டுக் கட்டிலே இதற்குத் தகுந்தது. இரும்புக் குழாய்ச் சட்டத்தில் நைலான் நாடா பின்னி, தரையிலிருந்து அரையடி உயரத்தில், நான்கடி நீளமும் இரண்டரையடி அகலமும் உள்ளதாகச் செய்து கொண்டால், காற்று கீழே ஓடும், மூத்திரம் தங்காது, கழுவி வெயிலில் சாய்த்து வைத்தால் ஒரு நாழிகையில் உலரும். கயிற்றுக் கட்டில் அழகாயிருப்பினும் கயிறு மூத்திரத்தைக் குடிக்கும். கட்டிலின் மேல் கனத்த பருத்தித் துணி ஒன்றை விரிக்கலாம். சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத்துணியின் கழிவுகள் மலிவாகக் கிடைக்கும் என்று அவற்றைக் குவித்துப் போடுவது அபாயம். அத்தளர்ந்த இழைகள் குட்டியின் விரல்களைச் சுற்றி இறுக்கும். விழுங்கினால் குடலில் சிக்கும்.

ஈன்ற பெட்டைக்கு மட்டும் கட்டில் ஆகாது. பிறந்த குட்டிகள் முதல் இரண்டு வாரங்கள் தம் உடற்சூட்டைத் தாமே காத்துக்கொள்ள மாட்டா. மார்கழிப் பனியில் ஈரத் தரையில் கிடந்தால் பால் குடிக்கும் வலுவும் இழந்துவிடும். பலகைமேல் செய்தித்தாள்களை அடுக்கடுக்காகப் பரப்பி, அதன்மேல் இழை பிரியாத பழைய வேட்டியை விரித்து, காலை மாலை மாற்றி, கழித்த தாள்களை எரித்துவிடுக. சுவரோரமாக நாலங்குல உயரத்தில் ஒரு கட்டையைப் பதித்தால், தாய் சாயும்போது சுவருக்கும் முதுகுக்கும் இடையில் குட்டி நசுங்காது.

கழுவும் முறையில்தான் பெரும்பிழை நேர்கிறது. அழுக்கின்மேல் பினாயிலை ஊற்றி மணம் வரச் செய்வது சுத்தமாகாது. நாய் அதனை நக்கினாலும் கெடுதி. முதலில் மலத்தை வாரி, சோப்பு நீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். பின்பு, புதிய பிளீச்சிங் பவுடரைப் பத்து லிட்டர் நீருக்கு 60 கிராம் வீதம் கரைத்து, தெளிந்த நீரைத் தரையில் ஊற்றிப் பத்து நிமிஷம் விட்டு, நன்கு அலசி உலர்த்திய பின்பே நாயை உள்ளே விடுதல் வேண்டும். கழுவாத மூத்திரத்தின் மேல் இந்நீரை ஊற்றினாலும், ஆசிட்டோடு கலந்தாலும் நச்சுக் காற்று எழும். திறந்து வைத்த பவுடர் சில வாரங்களிலேயே வீரியம் இழந்துவிடுமாதலால் மூட்டையாக வாங்கி அடுக்குவதில் இலாபமில்லை. இவ்வளவும் செய்தாலும், தடுப்பூசிச் சீட்டு இல்லாத நாயைச் சிநேகத்திற்காக ஏற்றுக்கொள்பவருக்குத் தரை மட்டும் துணை செய்யாது.

பேரூராட்சி, கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. நாய்களை இனவிருத்தி செய்து விற்பதற்கு 2017-ஆம் வருஷத்து மத்திய விதிகளின்படி மாநிலப் பிராணி நல வாரியத்தில் பதிவு செய்தல் வேண்டும். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்றல் கூடாது. பதிவுச் சீட்டைக் கேட்கும் உத்தியோகஸ்தர், கொட்டிலின் பின்புறம் சென்று கழுநீர் எங்கே போகிறது என்பதையும் பார்த்து வருவாராக. அது தெருச் சாக்கடையிலோ கண்மாய்க்குச் செல்லும் ஓடையிலோ விழுமாயின் அனுமதிக்கலாகாது. கிணற்றிலிருந்து ஐம்பதடிக்குக் குறையாத தூரத்தில், மேட்டுப் பக்கமாக இல்லாமல், நாலடி ஆழக் குழி வெட்டி, அடியில் பெருங்கல்லும் மேலே சிறுகல்லும் மணலும் நிரப்பிவிட்டால் பத்து நாய்க் கொட்டிலின் கழுநீர் அதில் இறங்கிவிடும். பிளீச்சிங் நீர் மிகுதியாக விழும் அக்குழியின் ஓரத்தில் வாழை வைத்தல் வேண்டாம்.