பத்தரை மணிக்கு யார் விழித்திருப்பது?

நவம்பரில் திருத்தணிக்கு, பெரியம்மா மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி பத்தரை மணி. அம்மா கதை சொல்வாள் என்று காத்திருந்த ஆறு வயசுப் பொண்ணு தூங்கிப்போயிருந்தது. அக்கா லேப்டாப்பைத் திறந்து, "குட் மார்னிங்" என்றாள்.

அவளுடைய சாஃப்ட்வேர் டீமில் பாதிப் பேர் கலிஃபோர்னியாவில், இரண்டு பேர் போலந்தில், மீதிப் பேர் இந்தியாவில். எல்லோரும் கூடிப் பேசும் மீட்டிங், கலிஃபோர்னியாவில் காலை 9 மணிக்கு. போலந்தில் அது மாலை 6. கோடையில் நமக்கு இரவு 9.30. நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். உடனே நமக்கு 10.30 ஆகிவிடும். மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை அப்படித்தான். கடிகாரத்தைத் தொடாதவர்கள் நாம். தூக்கம் கெடுவதும் நமக்கு!

"வேற நேரம் வைக்கக் கூடாதா?" என்றேன். அக்கா கணக்குப் போட்டுக் காட்டினாள். குளிர்காலத்தில் நமக்குக் காலை 8.30 என்றால், கலிஃபோர்னியாவில் முந்தின நாள் இரவு 7 மணி. அது பரவாயில்லை. ஆனால் போலந்தில் அதிகாலை 4! மூன்று ஊருக்கும் தோதான நேரம் என்று ஒன்று கிடையாது. யாராவது ஒருத்தர் கஷ்டப்பட்டே ஆக வேண்டும். அது எப்போதும் ஒரே ஆளாக இருப்பதுதான் பிரச்னை.

முதல் வழி, பேச வேண்டியதைக் குறைத்து எழுத வேண்டியதைக் கூட்டுவது. லினக்ஸை உருவாக்கியவர்கள் பல நாடுகளில் சிதறிக்கிடந்தார்கள். அவர்களுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் 'கிட்' என்ற மென்பொருளை எழுதினார். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பதெல்லாம் அதில் பதிவாகிவிடும். ஏன் மாற்றினோம் என்று இரண்டு வரி எழுதிவைத்தால் போதும். காலையில் எழுந்து வருபவர் படித்துவிட்டு வேலையைத் தொடரலாம். எழுப்பிக் கேட்க வேண்டியதில்லை.

எழுதுவதிலும் கவனம் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் '04/05' என்று வந்த கெடுவை அக்கா மே 4 என்று எடுத்துக்கொண்டாள். அமெரிக்க வழக்கப்படி அது ஏப்ரல் 5. ஒரு மாதம் போச்சு! இப்போது மாதத்தின் பெயரை எழுத்தில்தான் போடுகிறாள். நேரம் குறிப்பிட்டால் எந்த ஊர் நேரம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறாள்.

இரண்டாவது வழி, கேட்பது. இத்தனை நாள் கேட்கத்தான் அவளுக்குத் தயக்கம். கடைசியில் மூன்று ஊர் நேரத்தையும் ஒரு அட்டவணையாகப் போட்டு, டீம் லீடருக்கு அனுப்பினாள். அவருக்கு இங்கே 10.30 ஆகிறது என்பதே உறைத்திருக்கவில்லையாம். இப்போது ஒரு வாரம் இவள் விழித்திருக்கிறாள். மறு வாரம் அவர்கள் காலை 6 மணிக்கு எழுந்து வருகிறார்கள். நமக்கு இரவு 7.30.

"நகரியிலிருந்து ஆள் வந்தா நம்ம கடைக்காரர் தெலுங்குல பேசுறாரு. அவங்களும் நாலு வார்த்தை தமிழ்ல சொல்றாங்க. ரெண்டு பக்கமும் கொஞ்சம் வளைஞ்சாத்தானே வியாபாரம்?" என்றாள். எல்லையோர ஊரில் வளர்ந்தவள் அல்லவா!

டீம் காலண்டரில் அமெரிக்காவின் 'தேங்க்ஸ்கிவிங்' விடுமுறை முதலிலிருந்தே இருந்தது. ஆடிக் கிருத்திகை இல்லை. காவடிகள் மலையேறும் அந்த நாளையும் இப்போது அக்கா ஏற்றிவிட்டாள். சொன்னால்தானே தெரியும்?

உங்கள் டீமில் பத்தரை மணிக்கு விழித்திருப்பது யார்? எப்போதும் அதே ஆள்தானா? அடுத்த மீட்டிங்கில் இதை முதலில் பேசுங்கள்.