சர்ச் பாக்ஸுக்குச் சின்ன டேட்டாபேஸே போதும்... ஆனால் ‘வீடு’ என்று தேடினால் ‘வீட்டு’ வருமா?

ஃபுட் ஆப்பில் ஒருவர் ‘பிரியானி’ என்று டைப் செய்கிறார். மெனுவில் இருப்பதோ ‘பிரியாணி’. ‘முடிவுகள் இல்லை’ என்று திரையில் வந்தால் அவர் உட்கார்ந்து றன்னகரமா, டண்ணகரமா என்று யோசிக்க மாட்டார். அடுத்த ஆப்பைத் திறந்துவிடுவார்.

இதைச் சரிசெய்யலாம் என்று டெக் டீம் கூடினால், முதலில் அடிபடும் பெயர் பெரும்பாலும் எலாஸ்டிக்சர்ச். பல சர்வர்களில் பரவிக் கிடக்கும் கோடிக்கணக்கான பதிவுகளில் தேடுவதற்கு அது கில்லாடிதான். ஆனால் 20,000 பொருள்கள் விற்கும் ஒரு கடைக்கு அதை நிறுவி, ஜாவா மெமரியைக் கணக்குப் பார்த்து, கிளஸ்டரைக் கட்டி மேய்ப்பது, மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை. இந்த அளவு வேலைக்கு மெய்லிசர்ச் போன்ற சின்ன இன்ஜினே போதும்.

பாரிஸைச் சேர்ந்த நிறுவனம் ரஸ்ட் மொழியில் எழுதிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இது. 1.0 பதிப்பு 2023 பிப்ரவரியில் வந்தது. இதன் அடியில் இருப்பது எல்எம்டிபி என்ற கீ-வேல்யூ ஸ்டோர்.

கீ-வேல்யூ ஸ்டோரில் எப்படித் தேட முடியும்?

கீ-வேல்யூ ஸ்டோருக்குத் தெரிந்தது ஒரே வேலை. ஒரு சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் திருப்பித் தரும், அவ்வளவுதான். அட்டவணை, ஜாயின் எதுவும் கிடையாது. ஆனால் தேடலுக்கு இதுவே தாராளம். பழைய இலக்கியப் பதிப்புகளின் கடைசியில் சொல்லடைவு பார்த்திருப்பீர்கள்: சொல், பக்கத்தில் அது வரும் இடங்களின் எண்கள். தேடல் இன்ஜின் செய்வதும் அதைத்தான். சொல்தான் சாவி. அது வரும் ஆவணங்களின் எண்கள்தான் மதிப்பு. ‘மட்டன் பிரியாணி’ என்று தேடினால் இரண்டு பட்டியலை எடுத்து, இரண்டிலும் இருக்கும் எண்களை மட்டும் கொடுத்தால் போதும். இந்தப் பட்டியல்கள் ‘ரோரிங் பிட்மேப்’ என்ற சுருக்கப்பட்ட வடிவத்தில் இருப்பதால், வெட்டி ஒட்டும் வேலை நொடியில் சிறு பங்குக்குள் முடிந்துவிடும்.

எல்எம்டிபிக்கும் ஒரு கதை உண்டு. ஓப்பன்எல்டேப் திட்டத்துக்காக ஹோவர்ட் சூ எழுதியது. அங்கே இருந்த பெர்க்லி டிபியின் இடத்துக்கு 2011-இல் வந்தது. ஃபைலை அப்படியே மெமரியோடு இணைத்துவிட்டு, எதை மெமரியில் வைப்பது என்ற தலைவலியை ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடமே விட்டுவிடும். எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் படிக்கலாம். எழுதுபவர் படிப்பவரைத் தடுக்க மாட்டார். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும்.

கவனிக்க வேண்டிய இடம் அதுதான். மெய்லிசர்ச்சில் புதுத் தகவலைப் போட்டால் அது வரிசையில் நின்று, முறை வரும்போதுதான் தேடலில் தெரியும். நிமிடத்துக்கு நிமிடம் ஸ்டாக் மாறும் கடையில் இது உறுத்தும். மூலத் தரவைவிடப் பல மடங்கு டிஸ்க்கையும் சாப்பிடும். அளவான கேட்டலாக் வைத்திருப்பவருக்கு இரண்டுமே பெரிய விஷயமில்லை.

லைசென்ஸ்? எலாஸ்டிக்சர்ச் 2021-இல் அப்பாச்சி உரிமத்தைக் கைவிட்டது, அமேசான் அதைப் பிரித்து ஓப்பன்சர்ச் தொடங்கியது, 2024-இல் எலாஸ்டிக்சர்ச் ஏஜிபிஎல் உரிமத்தோடு ஓப்பன் சோர்ஸுக்குத் திரும்பியது. இந்த நாடகத்தைப் பார்த்தவர்கள் உஷாராகத்தான் இருப்பார்கள். மெய்லிசர்ச்சின் மையப் பகுதி எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது. பெரிய நிறுவனங்களுக்கான சில வசதிகள் மட்டும் தனி வணிக உரிமத்தில்.

உண்மையான சிக்கல் தமிழில்தான்

மெய்லிசர்ச் எழுத்துப்பிழையைப் பொறுத்துக்கொள்ளும். இயல்பான செட்டிங்கில் 5 எழுத்திலிருந்து ஒரு பிழை, 9 எழுத்திலிருந்து இரண்டு. எனவே ‘பிரியானி’ தப்பித்துவிடும். ஆனால் சொல்லின் பின்னொட்டை உரித்து வேர்ச்சொல்லைத் தேடும் வேலையை அது செய்வதில்லை. ஆங்கிலத்தில் ‘ஹவுஸ்’ என்ற சொல் இடத்துக்கு இடம் பெரிதாக மாறாது என்பதால் சமாளித்துவிடலாம். தமிழில்?

வாடகை ஆப்பில் ஒருவர் ‘வீடு வாடகை’ என்று தேடுகிறார். விளம்பரத்தில் ‘வீட்டு வாடகை’ என்று இருக்கிறது. கம்ப்யூட்டர் கணக்கில் ‘வீடு’ என்பது வகரம், ஈகாரக் குறி, டகரம், உகரக் குறி என நான்கே நான்கு. ஐந்துக்குக் குறைவு, எனவே பிழைச் சலுகை கிடையாது. ‘வீடு’ என்பது ‘வீட்டு’ என்பதன் தொடக்கமும் இல்லை. ஆக, விளம்பரம் இருந்தும் கண்ணில் படாது. மரம் ‘மரத்தில்’ ஆனாலும் இதே கதி. ‘பள்ளி’ என்று தேடினால் ‘பள்ளியில்’ கிடைக்கும். ஆனால் தேடலில் அது கடைசிச் சொல்லாக இருக்க வேண்டும், ஏனென்றால் பாதிச் சொல்லை வைத்துத் தேடும் வசதி கடைசிச் சொல்லுக்கு மட்டும்தான்.

இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. ஸ்னோபால் என்ற ஓப்பன் சோர்ஸ் தொகுப்பில் தமிழுக்கான ஸ்டெம்மர், அதாவது பின்னொட்டை வெட்டும் நிரல், உள்ளது. போஸ்ட்கிரெஸ் 12-ஆம் பதிப்பிலேயே அதைச் சேர்த்துவிட்டது. விதிகளை வைத்து வெட்டும் கருவி என்பதால் எல்லாச் சொல்லையும் சரியாக வெட்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆனாலும் தகவலை மெய்லிசர்ச்சுக்கு அனுப்பும் முன் ஒருமுறை இதில் ஓட்டி, வெட்டிய வடிவத்தைத் தனிப் புலமாகச் சேர்க்கலாம். தேடுபவர் டைப் செய்வதையும் அதே போல வெட்ட வேண்டும். அதுவும் வேண்டாமா, அடிக்கடி தேடப்படும் 200 சொற்களுக்கு வீடு–வீட்டு–வீட்டில் என்று இணைச்சொல் பட்டியல் கொடுத்துவிடலாம். அந்த வசதி மெய்லிசர்ச்சிலேயே இருக்கிறது. பட்டியலைத் தயாரிக்க ஒருவருக்கு இரண்டு நாள் ஆகலாம்.

தமிழ் ஆப் கட்டும் டீம்கள் எந்த சர்வர், எத்தனை ஜிபி ராம் என்று வாரக்கணக்கில் பேசுவதைவிட, அந்த இரண்டு நாளை முதலில் ஒதுக்குவது நல்லது. டெமோவில் ஆங்கிலச் சினிமாப் பெயர்களைத் தட்டிப் பார்த்து ‘செம ஸ்பீடு’ என்று முடிவு செய்யாமல், தங்கள் பயனர்கள் உண்மையில் டைப் செய்யும் வேற்றுமை உருபு ஏறிய சொற்களை, தங்கிலீஷில் வருவதையும் சேர்த்து, போட்டுப் பார்க்கலாம். ‘வீடு’ என்ற ஒரு சொல்லில் தொடங்கினாலே, எங்கே இடிக்கிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.