பாழடைந்த வண்டியும் நம் கடமையும்

உழைத்து ஓய்ந்த காளையை இறுதிவரை தன் கட்டுத்தரையிலேயே வைத்துத் தீனி போடும் குடியானவரைக் கண்டால் நாம் அவரை மெச்சுகிறோம். காங்கேயம் காளைகளுக்குப் பேர்போன எங்கள் பக்கத்தில் அத்தகையோர் இன்றும் உளர். ஆயின் அதே வீட்டுக் கொட்டகையில், அக்குடும்பத்தை ஒரு தலைமுறைக்காலம் சுமந்து திரிந்த மோட்டார் வண்டி, சக்கரங்களில் காற்றின்றிக் கோழிகள் அடையும் கூண்டாகக் கிடந்தால், அதற்காக இரங்குவார் ஒருவரும் இலர். பழைய இரும்பு வியாபாரி வந்து எடைக்கு விலை கேட்கும் நாள்வரையில் அது அங்கே கிடக்கும். அதன்பின் அதுவும் இராது.

சென்ற விடுமுறையில் வெள்ளகோவிலுக்கு அருகே ஒரு தோட்டத்தில் அத்தகைய வண்டியொன்றைக் கண்டேன். அது நான்கு பக்கக் கதவுகளும் பின்புறம் மேலே தூக்கித் திறக்கும் ஐந்தாவது கதவும் உடைய ஸ்டேஷன் வேகன். அதன்மேல் தேங்காய் மட்டையும் கிழிந்த சாக்கும் அடுக்கியிருந்தார்கள். அதை என்ன செய்வது என்பதில் அவ்வீட்டில் இரண்டு அபிப்பிராயங்கள் இருந்தன. பெரியவர் விற்க மனமின்றி இருந்தார். மகனோ இடத்தை அடைப்பதன்றி அதனால் பயன் யாது என்று கேட்டார். இவ்விருவர் வழக்கிலே என் தீர்ப்பைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் அவ்வண்டியின் வரலாற்றைச் சிறிது காண்போம். இரயில் நிலையத்தில் இறங்கும் பிரயாணிகளையும் அவர்களுடைய மூட்டை முடிச்சுகளையும் ஒருங்கே ஏற்றிச் செல்வதற்கென அமெரிக்க நாட்டில் முதலில் ஏற்பட்டமையால் இவ்வகை வண்டி ‘ஸ்டேஷன் வேகன்’ என்று பெயர் பெற்றது. எங்கள் வெள்ளகோவிலுக்கோ இரயில் நிலையமே கிடையாது. கோயம்புத்தூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், காங்கேயத்துக்கும் கரூருக்கும் நடுவே, நொய்யலாற்றுக்கும் அமராவதியாற்றுக்கும் இடைப்பட்ட வறண்ட மேட்டு நிலத்தில் அமைந்த ஊர் அது. இரயிலேற விரும்புவோர் ஈரோட்டுக்கோ திருப்பூருக்கோ கரூருக்கோ சென்றாக வேண்டும். ஆதலின் ஆட்களையும் நூல் மூட்டையையும் முருங்கைக்காய்க் கட்டையும் ஒருங்கே சுமக்கும் வண்டி, நகரத்தாருக்குச் சொகுசாயினும் எங்களுக்கு இன்றியமையாததாயிற்று.

நான் கண்டது ‘ஸ்டாண்டர்டு கம்பேனியன்’ என்னும் வண்டி. அது நம் தமிழ்நாட்டிலேயே பிறந்தது என்பதை இக்கால மாணவருள் அறிந்தவர் மிகச் சிலரே. 1948-ஆம் ஆண்டு தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் கம்பெனி, சென்னைக்கு அடுத்த வண்டலூரிலே தொழிற்சாலை அமைத்து, முதலில் வான்கார்டு வண்டிகளைப் பூட்டித் தந்தது. பின்னர், 1960-க்களில், இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு வண்டியை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் பெயரால் செய்தது. அதன் வடிவத்தை வரைந்தவர் மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். இங்கிலாந்து ஹெரால்டுக்குப் பக்கக் கதவுகள் இரண்டே. பெரிய குடும்பங்கள் ஏறியிறங்கும் நம் நாட்டுக்கு அவை போதாவென்று நான்கு பக்கக் கதவுகள் கொண்ட வண்டியைச் சென்னையிலேயே வகுத்தார்கள். அவ்வழியில், 1970-ஐ ஒட்டி வெளிவந்ததே கம்பேனியன். 1972-இல் வந்த கெஸல் என்னும் காரும் சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. 1980-க்களின் முடிவில் அக்கம்பெனியின் வண்டித் தொழிலே ஓய்ந்தது. எனவே இன்று எஞ்சியுள்ள ஒவ்வொரு கம்பேனியனும் நம் தொழில் வரலாற்றின் ஓரேடு. ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊரூராய் அலைந்து காத்த பெரியோரைப் போற்றும் நாம், இவ்வேட்டைக் கரையானுக்கும் காயலான் கடைக்கும் விடுவது முறையன்று.

ஆகவே பெரியவர் பக்கமே நான் தீர்ப்பளிப்பேன். ஆயினும் இதனோடு வழக்கு முடிந்துவிடாது. எவ்வாறு புதுப்பிப்பது என்பதே இதனினும் பெரிய கேள்வி. இதில் நம்மவர் பெரும்பாலும் பிழைபடுகின்றனர்.

எனக்குத் தெரிந்த ஒருவர் தம் பழைய வண்டியை ஒரு பட்டறைக்கு அனுப்பினார். மூன்று வாரத்தில் அது மணமகன் போலத் திரும்பி வந்தது. புது வர்ணமும் புது இருக்கை உறையும் பளபளக்கும் தகடுகளும் கண்டு ஊரே வியந்தது. அடுத்த ஐப்பசி மழை கழிவதற்குள் வர்ணம் கொப்புளித்தது; விரலால் தட்டியபோது, துருவைச் சுரண்டாமல் பூசி மறைத்த மாவு உதிர்ந்தது. அதனினும் கொடுமை, பிரேக்கின் பழைய ரப்பர் வாஷர்களை ஒருவரும் திறந்து பார்த்ததே இல்லை. ஒரு திருப்பத்தில் பிரேக் பிடிக்காமல் வண்டி வேலிக்குள் புகுந்தது. அக்கிளுவை வேலியன்றோ அவர் உயிரைக் காத்தது! அழகு செய்வது வேறு, உயிர்ப்பிப்பது வேறு என்பதை நான் அன்றே கற்றேன்.

நோயையும் நோய்க்குக் காரணத்தையும் தணிக்கும் வழியையும் முறையே ஆராய்ந்து மருத்துவம் செய்க என்று வள்ளுவர் வகுத்த நெறி வண்டிக்கும் பொருந்தும். பல்லாண்டு நின்ற எஞ்சினைக் கண்டவுடன் பாட்டரியை இணைத்து முடுக்கிப் பார்க்கும் ஆவல் எவருக்கும் எழும். அதனை அடக்க வேண்டும். சிலிண்டருக்குள் பிஸ்டன் வளையங்கள் துருவால் ஒட்டியிருக்கக்கூடும். வலிந்து சுழற்றினால் வளையம் ஒடியும், சிலிண்டரும் கீறுபடும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிது மெல்லிய எண்ணெய் விட்டுச் சில நாள் ஊறவைத்து, பின்பு கையால் மெல்லத் திருப்பிப் பார்ப்பதே அறிவுடையோர் செயல். பழைய பெட்ரோல் தொட்டியிலும் கார்புரேட்டரிலும் பிசின்போல் உறைந்திருக்கும். அவற்றைக் கழற்றிக் கழுவியாக வேண்டும். ரேடியேட்டரில் படிந்த சுண்ணத்தை நீக்க வேண்டும். எலி கடித்த மின்கம்பிகளைப் புதிதாக இழுக்க வேண்டும். டயரில் வரிகள் தேயாமல் இருந்தாலும், காய்ந்து வெடித்த ரப்பர் ஓட்டத்துக்கு உதவாது. பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரும் சக்கரந்தோறும் உள்ள சிலிண்டர்களும் முற்றும் பிரித்துச் செம்மையாக்கப்படுமுன் வண்டி சாலையைக் காணவே கூடாது. வர்ணம் பூசுதல் இவையெல்லாம் முடிந்தபின் வரும் கடைசிக் காரியம்.

இவற்றுக்குக் கம்பேனியன் இயல்பாகவே இடந்தரும் வண்டி. அதன் உடற்பகுதி, தனியே அமைந்த சட்டத்தின்மேல் போல்ட்டுகளால் பூட்டப்பட்டது. முன்மூடி இரண்டு பக்க மட்கார்டுகளோடும் சேர்ந்து முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும், 948 சி.சி. எஞ்சின் முழுவதும் கண்ணெதிரே நிற்கும். எங்கள் ஊர் வறட்சியும் இவ்விஷயத்தில் உபகாரமே. கடற்காற்று வீசும் சென்னையில் உளுத்துப்போகும் தகடு, இங்கே கூரையின்கீழ் நெடுங்காலம் தாங்குகிறது.

இரண்டு புதிய தீங்குகளை மட்டும் பழைய வண்டிக்காரர் மறத்தலாகாது. ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டோடு ஒழிந்தது. அது நற்செயலே, ஆயினும் அவ்வீயத்தின் துணையால் தேயாதிருந்த பழைய வால்வு இருக்கைகள் இப்போது தேயும். தலைப்பகுதியைக் கழற்றும்போதே அவற்றில் கடினமான வளையங்களைப் பதித்துக்கொள்வது நலம். மற்றொன்று, 2025-ஆம் ஆண்டளவில் நாடெங்கும் வழங்கலான, நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பர்க் குழாய்களைத் தின்றுவிடும். அதனைத் தாங்கும் குழாய்களை மாற்றாவிட்டால் கசிவும் தீயும் நேரலாம்.

இனி, பழைய எஞ்சினை எறிந்துவிட்டு டீசல் எஞ்சினைப் பூட்டிக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். செலவுக்கு அஞ்சி இதனைச் செய்தவரை நான் பழிக்கமாட்டேன். ஆயினும் அவ்வாறு மாற்றிய வண்டி, பழைய பெயரைத் தாங்கிய வேறொரு வண்டியே ஆகும். 2021-ஆம் ஆண்டு மத்திய அரசு இயற்றிய விதிகளும் இதனை ஒட்டியே உள்ளன. முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகள் கடந்து, சட்டத்திலும் உடலிலும் எஞ்சினிலும் பெரிய மாறுதலின்றி இயல்பான வடிவில் காக்கப்பட்டதே தொன்மை வண்டியாகப் பதியத்தக்கது என்பது அவ்விதி. அவ்வாறு பதிந்ததைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் அவை போன்றவற்றுக்கும் ஓட்டலாமேயன்றி, அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்தலாகாது. பழைய மோட்டார் வண்டிச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு 2012-இல் ஏற்ற டூரின் சாசனமும், உள்ளதை உள்ளபடி காப்பதையே முதன்மையாகக் கூறுகிறது. ஆதலின் முதல் போல்ட்டைக் கழற்றுமுன்னரே, எந்நோக்கத்துக்காக இதனைச் செய்கிறோம் என்று தெளிதல் வேண்டும். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் படம் பிடித்து, எண்ணிட்டு, தனித்தனிப் பையிலிட்டு வைப்பவனே மீண்டும் பூட்ட வல்லவன்.

இதற்கு எதிராகச் சிலர் கூறக்கூடியவற்றையும் ஆராய்வோம். செலவழித்த பணம் விற்கும்போது திரும்பாது என்பர். உண்மையே, இலாபம் கருதுவோர் இதில் இறங்கவே வேண்டா. பழைய எஞ்சின் புகை கக்கிக் காற்றைக் கெடுக்கும் என்பர். அதுவும் உண்மை, ஆயினும் ஆண்டுக்குச் சில நாளே வெளிவரும் ஒரு வண்டியின் புகை, நாள்தோறும் நம் சாலையை அடைக்கும் வண்டிகளின் புகைக்கு எம்மட்டு? ஏழையர் பலர் இருக்க, இது செல்வர் விளையாட்டன்றோ என்பர். இக்கேள்வியே என் மனத்தைப் பெரிதும் உறுத்துவது. பிறர் காணப் பவனி வருவதற்கே ஒருவர் இதனைச் செய்வாராயின், அஃது அவ்வாறே ஆகும்.

ஆனால் இப்பணியிலே மெய்யாக மீட்கப்படுவது கைத்திறன். தகட்டைச் சுத்தியால் தட்டி வளைவு எடுக்கும் டிங்கர் வேலைக்காரர், கடையில் கிடைக்காத பாகத்தை லேத்தில் கடைந்து தருபவர், இருக்கை தைப்பவர் ஆகியோர் ஆண்டுதோறும் அருகி வருகின்றனர். பழுதானதைத் தூக்கியெறிந்து புதியது பூட்டுவதே இன்றைய பட்டறைகளின் வழக்கம். வெள்ளகோவில், காங்கேயம், திருப்பூர்ப் பக்கங்களில் பழைய விசைத்தறியையும் பின்னல் யந்திரத்தையும் ஓசை கேட்டே நோயறிந்து ஓடச்செய்யும் ஃபிட்டர்கள் இன்னும் இருக்கிறார்கள். பட்டம் பெறாத பேராசிரியர் அவர்கள். ஒரு கம்பேனியனை இரண்டு ஆண்டுக்காலம் அவர்கள் கைக்கீழ் நின்று உயிர்ப்பிக்கும் மாணவன், புத்தகம் பத்தாலும் பெறாத கல்வியைப் பெறுவான். அவர்களும் தம் தொழிலுக்குரிய கூலியோடு மதிப்பையும் பெறுவர்.

கொங்கு நாட்டுக்கு இது புதிய நெறியுமன்று. 1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பஸ்ஸோடு தொழில் தொடங்கிய ஜி. டி. நாயுடு அவர்கள், யந்திரங்களைக் கழற்றிப் பூட்டியே கற்றவர். அவர் பெயரோடு இயைந்த கோயம்புத்தூர் ஜீடி கார்க் காட்சிசாலை 2015-இல் திறக்கப்பட்டது. பழைய வண்டிகளைச் செப்பனிட்டுக் காப்பது எத்தகைய கல்வி என்பதை அங்கே சென்று காணலாம். நம் மாணவர் சிலர் ஒரு சனிக்கிழமையை அதற்கு ஒதுக்குவாராக.

நம் கல்லூரியில் உள்ளோரிடமும், இங்கே பயின்று வெளிச்சென்ற அன்பரிடமும் என் விண்ணப்பம் இவ்வளவே. உங்கள் வீட்டுக் கொட்டகையில் பழைய வண்டி ஒன்று கிடக்குமாயின், எடைக்கு விற்குமுன் ஒரு முறை அதன் மூடியைத் திறந்து பாருங்கள். பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். ஓட்டியவர் உயிரோடு இருந்தால், அதன் கதையை அவர் வாயாலேயே கேட்டு எழுதி வையுங்கள். செப்பனிட உங்களால் இயலாதாயின், இயல்பவர்க்குக் கொடுங்கள்.

உலர்ந்த எலும்புகள் நிறைந்த பள்ளத்தாக்கைக் கண்ட எசேக்கியேல் தீர்க்கதரிசியின் காட்சியை நாம் ஆராதனையில் பலமுறை கேட்டிருக்கிறோம். அங்கே எலும்போடு எலும்பு சேர்ந்து, நரம்பும் தசையும் தோலும் மூடிய பின்பும், சுவாசம் வரும்வரையில் அவை பிணங்களாகவே கிடந்தன. வர்ணம் பூசிய வண்டிக்கும் உயிர்பெற்ற வண்டிக்கும் உள்ள வேற்றுமை அதுவே. அத்தோட்டத்துப் பெரியவர் இப்பொழுது வண்டிமேலிருந்த சாக்குகளை எடுத்துவிட்டாராம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி எண்ணெய் விட்டிருக்கிறாராம். மகன் இன்னும் முணுமுணுக்கிறாராயினும், கையில் ஸ்பேனரைப் பிடித்திருப்பவர் அவரேயாம்.