விதை யாருடையது?

மரபணு மாற்றுப் பயிரைக் கேள்வி கேட்பவர் அறிவியலின் பகைவராம்! 2002இல் வந்த பி.டி. பருத்தி தொடக்க ஆண்டுகளில் காய்ப்புழுவையும் மருந்துச் செலவையும் குறைத்தது, அதை மறுப்பானேன்? ஆனால், அந்த மரபணுவை வீரிய ஒட்டு விதையில் அடைத்தே விற்றார்கள். எடுத்துவைத்த விதை மறு ஆண்டு அதே விளைச்சலைத் தராது. உழவர் கடைக்கு வந்தே தீரவேண்டும். 450 கிராம் பொட்டலம் 1,600 ரூபாய்க்கு விற்றது. 2006இல் ஆந்திர அரசு ஏகபோகத் தடுப்பு ஆணையத்தில் வழக்காடிய பிறகே 750க்கு இறங்கியது. தானாக இறங்குமா என்ன?

இன்றோ, நெடுநாள் வயலில் நிற்கும் அந்த ஒட்டுப் பருத்தியிலேயே இளஞ்சிவப்புக் காய்ப்புழு பெருகி, பி.டி. நஞ்சையும் வென்றுவிட்டது. விதர்பா உழவர் விதைக்கும் கடன்படுகிறார், மருந்துக்கும் கடன்படுகிறார். விரைவில் முதிரும், விதை எடுத்துவைக்கத்தக்க ரகங்களை நாக்பூர் மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியே ஒன்றிய அரசு உழவர்க்கு வழங்கட்டும். புதிய அனுமதிகளைப் பிறகு பேசலாம்.