அழுத்த அறையும் ஆதாரமும்

ரத்தப் புற்றுநோய்க்காகப் பிறருடைய ஸ்டெம் செல்களை ஏற்றுக்கொண்டு, பெருங்கண்டம் ஒன்றைத் தாண்டிவிட்டோம் என்று நோயாளியும் குடும்பத்தாரும் ஆறுதல் கொள்ளும் சமயத்தில், சிலருக்கு மூத்திரத்தில் ரத்தம் தோன்றி, கட்டிகளாக உறைந்து, வழியை அடைத்து, இரவு பகலாகச் சகிக்கவொண்ணாத உபத்திரவத்தைத் தருவதுண்டு. அச்சிகிச்சையில் தரப்படும் சைக்ளோபாஸ்பமைடு மருந்து சரீரத்தில் சிதையும்போது உண்டாகும் அக்ரோலின் என்னும் நஞ்சு மூத்திரப்பையின் உட்சவ்வைப் புண்ணாக்குவது ஒரு காரணம். பெரும்பாலோரிடம் சிறுபிராயத்திலேயே குடியேறிச் சாதுவாக உறங்கும் பி.கே. வைரஸ், எதிர்ப்புச் சக்தி ஒடுங்கிய வேளை பார்த்து விழித்தெழுவது மற்றொன்று. முன்னதைத் தடுக்க மெஸ்னா என்னும் மருந்து உண்டு. பின்னதற்கு நிச்சயமான ஔஷதம் இல்லை, கொடுத்துப் பார்க்கும் சிடோபோவிரோ சிறுநீரகத்தையே பதம் பார்க்கக்கூடியது.

ஆகவேதான் சில வைத்தியர்கள் அழுத்த அறையை நாடுகிறார்கள். வாயுமண்டலத்தைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு அழுத்தத்தில் சுத்தமான பிராணவாயுவை ஒன்றரை மணி நேர அளவில் சுவாசிக்கச் செய்து, இதனை 20 முதல் 40 முறை வரை தொடர்ந்தால், ரத்தநீரில் மிகுதியாகக் கரையும் பிராணவாயு புண்பட்ட திசுவில் புதிய நுண்குழாய்கள் கிளைக்கத் துணை புரியும் என்பது அவர்கள் கூறும் நியாயம். கதிர்வீச்சால் சீர்கெட்ட மூத்திரப்பைக்கு இம்முறை பயன்படுகிறது என்று, நார்டிக் நாடுகளின் மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2019இல் 'லான்செட் ஆன்காலஜி' வெளியிட்ட ஆய்வு காட்டியிருக்கிறது.

அந்தச் சான்றை இந்த நோய்க்கும் இரவல் வாங்கலாகாது என்பதே என் அபிப்பிராயம். கதிர்வீச்சுக் காயம் லேசில் ஆறாதது. வைரஸ் தந்த புண்ணோ, புதிய மஜ்ஜை வேரூன்றி லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள் மீண்டும் பெருகும்போது பலருக்குத் தானாகவே தணிந்துவிடுகிறது. ஐப்பசியில் நட்ட செடி தழைத்ததற்குத் தம் குடத்து நீரே காரணம் என்று பெருமை கொள்பவரைப்போல, வாரக்கணக்கில் அழுத்த அறைக்குச் சென்று வந்தவர் குணமடைந்ததும் அறைக்கே கீர்த்தியைச் சூட்டிவிடுவது எளிது. இதுவரை வந்தவற்றில் பெரும்பாலானவை ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறு சிறு அறிக்கைகள்தாம். காதுவலி, தற்காலிகக் கிட்டப்பார்வை, அபூர்வமாக வலிப்பு ஆகிய இடர்கள் ஒருபுறமிருக்க, தட்டணுக்கள் குறைந்து தொற்றுக்கு அஞ்சும் நோயாளியைத் தினந்தோறும் வார்டிலிருந்து வெளியே கொண்டுசெல்வதும் சாமான்யமான காரியமன்று.

ஆயினும், மூத்திரப்பையைக் குழாய்வழிக் கழுவுதலும் தட்டணு ஏற்றமும் பலிக்காதவரிடம் இதை முயல்வது தவறென்று சொல்லத் துணியேன். கடைசியில் மூத்திரப்பையையே அகற்ற நேரும் கதியைவிட இது மேலன்றோ! ஒரே மருத்துவமனையில் இத்தகையோர் சிலரே இருப்பராதலால், பல மருத்துவமனைகள் கூடி, சீட்டுக் குலுக்கி, ஒரு சாராருக்கு உடனேயும் மறு சாராருக்குச் சில வாரம் கழித்தும் இச்சிகிச்சையை அளித்து, ரத்தம் நின்ற நாளையும் லிம்போசைட் எண்ணிக்கையையும் ஒருங்கே குறித்துவர வேண்டும். அந்தக் கணக்கு கைக்கு வரும்வரை அறைக்கான செலவை ஆராய்ச்சி நிதி ஏற்கட்டும். நோயாளியின் வீட்டார் நகையை அடகு வைத்து அதைக் கட்ட வேண்டியதில்லை.